ஏரிக்குள் வீடு வைத்திருந்த டாக்டர்

என் வாயின் இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்துவிட்டு, கையில் குறடோடு அவர் கேட்டார்: "நீங்க சொல்லுங்க தம்பி, ஒரு ஏரிய மீட்கணும்னா முதல்ல யாரைப் போகச் சொல்லணும்?"

நான் "ஆ" என்றேன்.

"அதான். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆக்கிரமிச்சவங்களைன்னு. யாரு ஆக்கிரமிச்சது? கூரை போட்டவங்களா, கான்கிரீட் போட்டவங்களா? கான்கிரீட் போட்டவங்ககிட்ட பட்டா இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. கேளுங்க. நியாயமான கேள்விதான்."

நான் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. ஊசி போட்ட பக்கத்து உதடு யாருடையதோ போல் தொங்கிக்கொண்டிருந்தது. என் சார்பில் அவரே கேட்டு, அவரே பதில் சொல்லி, அந்தப் பதிலில் இருந்த ஓட்டையையும் அவரே கண்டுபிடித்து, நடுவே எப்போதோ பல்லையும் பிடுங்கிவிட்டார். எழுந்து வெளியே வந்தபோது, ஒரு வாக்குவாதத்தில் இரண்டு தரப்பிலும் தோற்றவனைப் போல இருந்தது.

அந்த க்ளினிக்கின் மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். மேற்குத் தாம்பரத்தில், ஏரியை ஒட்டிய ஒரு லேஅவுட்டின் கடைசித் தெரு. கீழே முன்பக்கம் க்ளினிக். பின்பக்கம் மூன்று அறைகள். ஒன்றில் அவர் இருந்தார். அவருடைய அப்பா இருந்துபோன மற்ற இரண்டும் பூட்டிக் கிடந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று என் மனைவி ஜெயந்தி ஒருமுறை கேட்டாள். "பேசி முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போயிட்டாங்க" என்றார். அது வேடிக்கையா உண்மையா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஐம்பதைத் தாண்டிய வயது. குட்டை உருவம். நரைத்த முடியை ரப்பர் பேண்டில் இறுக்கிக் கட்டியிருப்பார். அவர் சும்மா நின்று நான் பார்த்ததில்லை, சும்மா உட்கார்ந்தும் பார்த்ததில்லை. நடந்துகொண்டே இருப்பார். காபியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஏதாவது பேச ஆரம்பிப்பார். அது ஆறி, ஆடை கட்டி, எறும்பு விழுந்த பிறகு எடுத்துக் குடிப்பார். எறும்பைப் பற்றி யாராவது சொன்னால் எறும்புக்கும் நமக்கும் உள்ள உறவு பற்றிப் பேச்சு தொடங்கிவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

பேசுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. இவரிடம் எங்களை அமைதி இழக்கச் செய்தது வேறொன்று. எந்த நியாயத்தை எடுத்தாலும் அதை உருட்டி உருட்டித் தன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடுவார். "அப்போ நாம?" என்று கேட்பார். அதுவரை பிறரைப் பற்றிச் சுகமாகப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாம் நாற்காலியில் நெளிவோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் க்ளினிக்கின் முன்னறையில் ஏரி பாதுகாப்புக் குழு கூடும். குழு என்றால் எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் இருந்த ஒரு கைப்பிடி ஆட்கள். நாராயணன் சார்தான் செயலாளர். ஓய்வுபெற்ற இன்ஜினியர், நிதானமானவர், எதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பவர். ஒருமுறை மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பையை ஒழிப்பது பற்றிப் பேச்சு வந்தது. கடைக்காரர்களிடம் போய்ச் சொல்வது என்று முடிவாகி, எல்லோரும் பிஸ்கட்டுக்குக் கை நீட்டும் நேரத்தில் டாக்டர் நடையை நிறுத்தினார்.

"பூக்காரம்மாகிட்ட கவரைப் பிடுங்கப் போறோம். நான் இந்த ரூம்ல ஒரு நாளைக்கு ஒரு மூட்டை கையுறை தூக்கிப் போடறேனே?"

"டாக்டர், அது மருத்துவம். இது சோம்பல்" என்றார் நாராயணன் சார்.

"யாரோட சோம்பல்? பூக்காரம்மாவோடதா, பை எடுத்துட்டுப் போகாத உங்களோடதா?"

அந்தப் பிஸ்கட்டை யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை.

மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். எங்களை எல்லாம் பின்னால் உட்கார வைத்துத் தெருவைச் சுற்றிக் காட்டினார், குழந்தையைப் போல. ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதை உறை போட்டு நிறுத்திவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். கேட்டதற்கு, "நான் இங்க புகையில்லாம போறேன். அந்தக் கரண்டுக்கு வடசென்னையில கரிய எரிக்கறாங்க. புகைய அங்க அனுப்பி வெச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்றார். மருந்துச் சாமான் வாங்கப் போனால் திரும்பும் பஸ் நேரத்துக்கு வராமல் க்ளினிக் தாமதமாகத் திறந்தது. பல்வலியோடு வாசலில் காத்திருந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பிறகு ஸ்கூட்டரை எடுத்தார். ஆனால் மன்னிப்புக் கேட்பது போன்ற ஒரு முகத்தோடுதான் கடைசிவரை ஓட்டினார்.

க்ளினிக்கில் அவருக்கு உதவிக்கு இருந்தவள் தனம். அனகாபுத்தூர் பக்கம் அடையாற்றின் கரையில் வீடு. கணவன் லாரியில் போகிறவன், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். பள்ளியில் படிக்கும் ஒரே பெண். டாக்டரின் பேச்சுக்கு நடுவே "இன்னா டாக்டரம்மா, அவரு வாயத் தொறந்துகினே கீறாரு, பாவம்" என்று நினைவூட்டுவது தனத்தின் வேலைகளில் ஒன்று.

ஒரு ஐப்பசியில் மழை நிற்கவே இல்லை. ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. க்ளினிக்கின் நாற்காலி பாதி மூழ்கியது. டாக்டர் ஒரு பையோடு மேலே எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் தனமும் மகளும் தலையில் பாலிதீன் போர்த்திக்கொண்டு, எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்தார்கள். ஆறு அவர்கள் வீட்டுக்குள் புகுந்திருந்தது. அப்போது ஜெயந்திக்கு ஐந்தாம் மாதம். ஒரே அடுப்பில் எல்லோருக்கும் கஞ்சி வைத்தாள்.

மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தெருக்கள் எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர். அது ஒரு பக்கமாக, அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"இது எங்க போவுது டாக்டரம்மா?" என்று கேட்டாள் தனம்.

"கால்வாய் வழியா ஆத்துக்கு."

"அப்ப இங்கேர்ந்துதான் எங்க வூட்டுக்கு வந்துகினு கீதா?"

டாக்டர் தெருவைக் கையால் காட்டினார். "ஏரியில நிக்க வேண்டிய தண்ணி தனம். நிக்கற எடத்துல நாங்க வீடு கட்டிட்டோம். அதான் நேரா உங்ககிட்ட வருது."

"நல்லா அனுப்பி வெச்சீங்க போங்க" என்று சொல்லிவிட்டுத் தனம் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

மழை விட்டதும் குழு சுறுசுறுப்பானது. ஏரியையும் ஆற்றையும் மீட்கவேண்டும் என்று ஒரு மனு தயாரானது. வாசகங்கள் டாக்டருடையவை. ஏரிக்குள் கட்டிய வீடுகள் பற்றி அவர் எழுதிய பத்தியை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று இரண்டு ஞாயிறுகள் சண்டை நடந்தது. கடைசியில் அவர் பிடிவாதத்தால் அது தங்கியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மனு எங்கெங்கோ போய், சில மாதங்கள் கழித்து அதற்கு உயிர் வந்தது. அதிகாரிகள் புறப்பட்டார்கள். ஆனால் அவர்கள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஆற்றங்கரைக்குப் போனார்கள்.

அன்று காலை தனம் வந்து துடைப்பத்தை எடுத்து, பெருக்காமல் நின்றாள். நான் பல் காட்ட வரவில்லை. மோட்டார் ரிப்பேர் பற்றிச் சொல்ல வந்திருந்தேன்.

"எங்க வூட்டுக் கதவுல சிவப்பு பெயின்ட்டுல நம்பர் போட்டுட்டுப் போயிட்டாங்க டாக்டரம்மா. ஒரே பேஜாரா கீது. யாரோ மனு குடுத்தாங்களாம்."

"நான்தான் குடுத்தேன்" என்றார் டாக்டர்.

நான் அந்த இடத்தை விட்டு நழுவப் பார்த்தேன்.

"ஏரியப் பத்தியும் எழுதினேன் தனம். இந்தத் தெருவைப் பத்தியும் எழுதினேன்."

"இங்க எந்தக் கதவுலயும் நம்பர் இல்லியே" என்றாள் தனம். பிறகு பெருக்கத் தொடங்கினாள். அன்று முழுக்க அவள் டாக்டரோடு பேசவில்லை. நோயாளிகளின் வாயில் பஞ்சு வைத்துவிட்டு டாக்டரும் பேசவில்லை. அந்த அமைதிக்குப் பயந்து ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிறு குழுவில் நடந்த வாதம் எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை. நாராயணன் சார் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது.

"ஆறு அகலமானா தண்ணி நிக்காம கடலுக்குப் போகும். அது தனத்துக்கும் நல்லதுதானே? வருஷா வருஷம் முழுகற எடத்துல அவங்களை வெச்சிருக்கறதா நியாயம் டாக்டர்? மாற்று வீடு தர்றாங்க."

"எங்க?"

"கூடுவாஞ்சேரி தாண்டி."

"அவ இங்க எப்படி வேலைக்கு வருவா? அவ பொண்ணு எந்த ஸ்கூலுக்குப் போகும்?"

"எந்த மாற்றத்திலயும் யாருக்காவது கஷ்டம் இருக்கத்தான் செய்யும்."

"அது ஏன் சார் எப்பவும் ஒரே ஆளுக்கு இருக்கு?"

நாராயணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நீங்களே சொல்லுங்க. யாரையும் தொடாம விட்டுடலாமா? அடுத்த மழையில அந்தப் பொண்ணை ஆறு அடிச்சிட்டுப் போச்சுன்னா, யாரையும் கஷ்டப்படுத்தாம விட்டோம்னு சந்தோஷப்படுவீங்களா?"

டாக்டர் முன்னறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை நடந்தார், திரும்ப நடந்தார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து சொல்லாமல் போனோம்.

அதன்பின் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் அதிகாரிகள். திரையில் ஒரு வரைபடம், அதில் நீல நிறத்தில் ஆறு, சிவப்புப் புள்ளிகளாக வீடுகள். முன்வரிசைகளில் எங்களைப் போன்றவர்கள். ஆற்றங்கரைக்காரர்கள் பின்னால் நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. நான் டாக்டருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் முழங்கால் ஓயாமல் ஆடியது, என் நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

நாராயணன் சார் ஆற்றைப் பற்றி அழகாகப் பேசினார். கைதட்டினார்கள். பிறகு டாக்டர் மைக்கை வாங்கினார்.

"இந்தப் படத்துல எங்க ஏரி எங்க இருக்கு?"

ஒரு அதிகாரி பணிவாக, "அது அடுத்த கட்டத்துலம்மா" என்றார்.

"தண்ணி மேலேர்ந்து கீழ போகுது. நீங்க கீழேர்ந்து மேல வர்றீங்க. ஏன்?"

"அங்க எல்லாம் பட்டா நிலம்மா. சட்டச் சிக்கல் இருக்கு."

"எனக்குச் சிக்கல் இல்ல" என்றார் டாக்டர். "என் வீடு ஏரிக்குள்ளதான் இருக்கு. பட்டா இருக்கு. எங்கப்பா ஆசையா வாங்கினார், அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சான்னு தெரியல. எனக்குத் தெரியும். அதனால முதல்ல என் வீட்டை எடுங்க. எங்க தெருவை எடுங்க. அப்புறம் ஆத்தங்கரைக்குப் போங்க."

எங்கள் தெருக்காரர்கள் ஒரே சமயத்தில் எழுந்து கத்தினார்கள். பின்னால் நின்றவர்களில் சிலர் விசில் அடித்தார்கள். தனம் விசில் அடிக்கவில்லை, சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒருவரை நேரில் பார்த்துவிட்டோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் உறைத்தது: அவர் இடிக்கக் கொடுத்த வீட்டின் மாடியில் என் மனைவியும் பிறந்து சில வாரங்களே ஆன என் மகனும் இருக்கிறார்கள்.

ஜெயந்தி நான் சொல்லி முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

"டாக்டர், வீட்டைக் குடுத்துட்டீங்களாமே?"

"ஆமாம்மா."

"எங்களைக் கேட்டீங்களா?"

டாக்டர் காபி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"நீங்க சொல்றது நியாயம்தான். நான் இல்லைங்கல. ஆனா அந்த நியாயத்துக்குள்ள என் அடுப்பும் இருக்கு, இவன் தொட்டிலும் இருக்கு. தனத்தைக் கேக்காம அவங்க கதவுல நம்பர் போட்டாங்கன்னு குதிச்சீங்களே? நீங்க எங்க கதவுல போட்டது மட்டும் என்ன?"

நோயாளிகளுக்கான நாற்காலியில் டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். "கேக்கல" என்றார். "தோணவே இல்ல, ஜெயந்தி."

ஜெயந்திக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுவதைப் பார்த்துக் குழந்தையும் அழுதான். நான் வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் எழுந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு, அவனோடு அந்த அறைக்குள் நடந்தார். அவருடைய நடையில்தான் அவன் சீக்கிரம் தூங்குவான்.

தெரு அவரை விலக்கி வைத்தது. பால்காரர், பேப்பர் போடுகிறவர் எல்லோரும் வந்தார்கள். அண்டை வீட்டார் மட்டும் எதிரே வந்தால் போனைப் பார்த்தார்கள். க்ளினிக் பாதிக்குமேல் காலியானது. நாராயணன் சார் ஒருநாள் நேரில் வந்தார். "வாழ்நாள் சம்பாத்தியத்துல கட்டின வீடு டாக்டர். வங்கிக்கடன் இன்னும் முடியல. உங்க மனசாட்சிக்கு எங்க எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுட்டீங்க" என்று சொன்னார். டாக்டர் அவருக்குக் காபி கொடுத்தார். அவர் குடிக்காமல் போனார். குழுவும் அதோடு கலைந்தது.

அரசாங்கம் எங்கள் தெருவைத் தொடவில்லை. ஆற்றங்கரையை இடிக்கும் நாள் வந்தது.

நானும் டாக்டரோடு போயிருந்தேன். மண்ணள்ளும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன, போலீஸ் நின்றது. டாக்டர் நேராக ஒரு அதிகாரியிடம் போனார். பள்ளிக்கூடப் பரீட்சை, மாற்று வீட்டின் தூரம், மேலே ஏரி, கீழே ஆறு என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்த அதிகாரி இளைஞர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் தெரியும் மேடம், என் கையில இல்ல மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றார். அங்கே நின்றும் பேசினார்.

தனம் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையெல்லாம் புழுதி.

"டாக்டரம்மா, கொஞ்சம் தள்ளு. பீரோவ எடுக்கணும். வழில நின்னுகினு கீறியே!"

அதுவரை அவள் டாக்டரை ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டாக்டர் பேச்சைப் பாதியில் விட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். தனம் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், நானும் தனத்தின் கணவனும் பின்னால். பீரோ, கிரைண்டர், மகளின் சைக்கிள், நீரூறி உப்பிய ஒரு மர அலமாரி. இழுத்து வந்து ரோட்டில் அடுக்கினோம். அன்று மதியம்வரை டாக்டர் யாரோடும் எதையும் விவாதிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சாமான்களையும் தூக்கினார். கூரை விழுந்தபோது மட்டும் தனத்தின் மகளுடைய காதைத் தன் இரண்டு கையாலும் பொத்தினார்.

சாயங்காலம் மேலே வந்து எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். கேக்கத்தான் வந்தேன், சொல்ல வரல. அப்பாவோட ரெண்டு ரூமையும் தனத்துக்குத் தரலாம்னு இருக்கேன், பொண்ணு ஸ்கூல் முடிக்கறவரைக்கும். மோட்டார் ஒண்ணுதான், பின்பக்கம் துணி காயப்போடற எடம் ஒண்ணுதான். உங்களுக்குக் கஷ்டம் இருக்கும். முடியாதுன்னா சொல்லுங்க. வேற வழி பாக்கறேன்."

ஜெயந்தி என்னைப் பார்க்கவில்லை. "தண்ணி காலையில எனக்கு முதல்ல வேணும். குழந்தை துணி நிறைய இருக்கு" என்றாள். "சரி" என்றார் டாக்டர். "லாரிய நம்ம தெருவுல நிறுத்தினா ரிவர்ஸ் எடுக்கற சத்தத்துல இவன் முழிச்சுப்பான்." "அதையும் சொல்றேன்." இப்படி வாசற்படியில் நின்றே இருவரும் பேசி முடித்தார்கள். மண்டபத்தில் நடந்ததைவிட அது நல்ல கருத்துக்கேட்பு என்று எனக்குத் தோன்றியது.

பிறகு தனத்திடம் போனார். தனம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "வூட்டோட இருந்தா எந்நேரமும் தனம் தனம்னு கூப்புடுவீங்க. க்ளினிக் மூடுனா மூடுனதுதான். அப்புறம் நீ யாரோ நான் யாரோ. அப்படின்னா வரேன்" என்றாள். டாக்டர் ஒப்புக்கொண்டார். அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஏதோ புதிதாகத் தோன்றி, பின்வாசல்வரை வேகமாக வருவார். மூடிய கதவைப் பார்த்து நின்று, திரும்பிப் போவார்.

அதற்குப் பின்னும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தன் வீட்டை ஏரிக்குத் திருப்பிக் கொடுக்க அலுவலகம் அலுவலகமாக ஏறினார். இந்த முறை எங்களிடமும் தனத்திடமும் முதலில் பேசி, நாங்கள் எல்லோரும் போன பிறகுதான் என்று முடிவு செய்துகொண்டு. எங்குமே அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தானமாகத் தரலாம், விற்கலாம், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ எழுதலாம். ஏரிக்கு எழுத வழியில்லை என்றார்கள். ஒரு கிளார்க் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "வீட்ல யாராவது பெரியவங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு முகம் நெடுநேரம் வெறுமையாக இருந்தது.

கடைசியில், கையில் கிடைத்ததைச் செய்தார். பின்பக்கத்துச் சிமெண்ட் தளம் முழுவதையும் பெயர்த்தெடுத்து, ஏரிப் பக்கத்து மதிலையும் இடித்துவிட்டார். அங்கே மண்ணும் பள்ளமும் ஆனது. துணி காயப்போடும் கொடியை மாடிக்கு மாற்றினோம். அடுத்த மழையில் ஏரித் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வந்து நின்றது. கூடவே கொசுவும் வந்தது, ஒருமுறை பாம்பும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். "ஒரு கொல்லை அளவு தண்ணி. இதால ஆத்துல ஒரு விரல்கூடக் குறைஞ்சிருக்காது" என்று டாக்டரே சொன்னார். பிறகு, "குறைஞ்சிருக்கலாமோ?" என்றும் கேட்டார்.

மகனைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் நாங்கள் கூடுவாஞ்சேரிக்குப் போனோம். ஃப்ளாட் வாங்கும் முன் அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். அவரோடு இருந்தவன் வேறு எப்படி வாங்க முடியும்? மேட்டு நிலம் என்றார்கள். டாக்டரிடம் சொன்னேன். "பக்கத்துல என்ன?" என்று கேட்டார். "டாக்டர், எங்களை நிம்மதியா குடி போக விடுங்க" என்று ஜெயந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்துக்கு முன்பு, க்ளினிக்கில் நின்றபடியே அவர் விழுந்தார். மாரடைப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்துக்கு நான் நினைத்ததைவிடக் கூட்டம். ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களில் சிலர் பஸ் மாறி வந்திருந்தார்கள். எங்கள் பழைய தெருவிலிருந்து நாராயணன் சார் மட்டும் வந்திருந்தார், தடி ஊன்றிக்கொண்டு. மண் போட்டு முடிந்து எல்லோரும் மரநிழலில் நின்றபோது, திருச்சியிலிருந்து வந்திருந்த டாக்டரின் சித்தப்பா மகள் எங்கள் பக்கம் வந்தார். அமைதியான பெண்மணி. வீடு இனி அவருக்குத்தான் வரும். எங்களில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்:

"அக்கா வீட்டை என்ன பண்றதுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. நீங்கல்லாம் கூடவே இருந்தவங்க. சொல்லுங்களேன்."

"இடிச்சுடணும். ஏரிக்குத்தான் போகணும், அதான் அவங்க ஆசை" என்றேன் நான்.

"எது, இடிக்கணுமா?" என்றாள் தனம். அவள் மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள், அதே அறைகளில் இருந்துகொண்டு. "நானும் அங்கதான் கீறேன் சார்."

"முதல்ல தனத்தைக் கேக்காம யாரும் பேசக்கூடாது" என்றாள் ஜெயந்தி என்னைப் பார்த்து.

"கேட்டா மட்டும் போதுமாம்மா? ஒத்தை வீட்டை இடிச்சு என்ன ஆகும்?" நாராயணன் சார் தடியைத் தரையில் குத்தினார். "செஞ்சா தெரு முழுக்கச் செய்யணும். எல்லாருக்கும் பக்கத்துலயே மாற்று இடம் தரணும், ஆத்தங்கரைக்காரங்களுக்கும் சேர்த்து. அப்போ என் வீட்டையும் எடுத்துக்கட்டும், நான் கையெழுத்துப் போடறேன்."

"அத அன்னிக்கே சொல்லிருந்தா?" என்றாள் தனம்.

"அன்னிக்குப் பக்கத்துலயே மாற்று இடம்னு யாரு பேசினா? எடு, எடுன்னுதானே டாக்டர் சொன்னாங்க?"

"அவங்க அப்படிச் சொல்லல சார்" என்றேன். "வேற எப்படிச் சொன்னாங்க?" என்று கூடுவாஞ்சேரி தாண்டியிருந்த மாற்று வீட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் உள்ளே புகுந்தார். "நாங்க அங்க தண்ணிக்கு இன்னா பாடு படறோம்னு யாராச்சும் கேட்டீங்களா?" அவரோடு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். திருச்சிப் பெண்மணி ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், கேட்டது தப்போ என்பதுபோல.

கல்லறைத் தோட்டத்துக் காவலாளி வந்து, கேட்டைப் பூட்ட வேண்டும் என்றார். நாங்கள் வெளியே வந்து, ரோட்டோரத்தில் நின்று வாதத்தைத் தொடர்ந்தோம். பஸ்கள் வந்து வந்து போயின. யாரும் ஏறவில்லை.